துளை விழாத ஜோடி

கண்டக்டர் சாமிக்கண்ணுவின் வலது ஆள்காட்டி விரல் எப்போதும் ஈரமாக இருந்தது. பெரம்பலூர் – அரியலூர் ரூட்டில் ஒரு தனியார் பஸ்ஸில் அவருக்கு வேலை. விரலை நாக்கில் தொட்டுத்தான் கட்டிலிருந்து டிக்கெட்டைப் பிரிப்பார். வீட்டிலும் அந்த விரல் அப்படியே நடந்துகொண்டது. காலண்டர் தாளைக் கிழிக்கும் முன் நாக்குக்குப் போகும். வெற்றிலையை எடுக்கும் முன் போகும். மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் குழந்தையைக் கையில் வாங்கும் முன்பும் போனது.

மனைவி செல்வம்மாள் விரலில் வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தாள். ஒரு வாரத்தில் அவருக்கு வேப்பெண்ணெய் பிடித்துப்போனது. டிக்கெட் கசக்கிறது என்று பயணிகள்தான் புகார் சொன்னார்கள். இரண்டு கையிலும் சுமை இருந்தால் டிக்கெட்டை வாயில் வாங்கிக்கொள்வது அந்த ரூட்டில் வழக்கம். மோவாயை நீட்டுவார்கள். கண்டக்டர் உதட்டில் வைத்துவிட்டு நகர்வார்.

தபால்தலையின் பின்பக்கப் பசையை ஆராயத் தகுதியே இல்லாத ஒரு மனிதர் அந்த வட்டாரத்தில் இருந்தார் என்றால் அது சாமிக்கண்ணுதான். ஆனால் அவர் அதைத்தான் ஆராய்ந்தார்.

தொண்ணூற்றாறில் கம்பெனி அச்சடித்துக் கொடுத்த டிக்கெட் கட்டுகளில் கிழிப்பதற்கான துளைகள் சரியாக விழவில்லை. இழுத்தால் குறுக்கே கிழிந்தது. பாதி டிக்கெட் கையில், பாதி கட்டில். சாமிக்கண்ணு எரிச்சலோடு துளைகளை எண்ண ஆரம்பித்தார். நல்ல கட்டில் துளைகள் நெருக்கமாக இருந்தன. கெட்ட கட்டில் இடம்விட்டு இருந்தன. ஒரு நாள் டிரிப் முடிந்து காலியான பஸ்ஸில் அளவுகோலை வைத்து எண்ணிக்கொண்டிருந்தபோது, மறந்துவிட்டுப்போன குடையை எடுக்க ஒருவர் ஏறினார். அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தையல் கடை வைத்திருந்த வஹாப். சொந்த ஊர் லப்பைக்குடிக்காடு. குவைத்தில் பத்து வருஷம் தைத்துவிட்டுத் திரும்பியவர்.

"என்ன கண்டக்டரே, எண்ணுறீங்க?"

"ஓட்டைங்க பாய்."

வஹாப் குடையை மறந்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீங்க பண்ற காரியத்துக்கு ஒலகத்துல ஒரு பேரு இருக்கு, தெரியுமா? ஆனா அத டிக்கெட்டுல பண்ண மாட்டாங்க. ஸ்டாம்ப்புல பண்ணுவாங்க."

குவைத்திலிருந்து பெட்டி நிறைய சாமான் கொண்டுவருவார்கள். வஹாப் கொண்டுவந்தது ஒரு ஆல்பம். வெள்ளைக்காரன் காலத்து இந்தியத் தபால்தலைகள். சிலவற்றில் குவைத் என்றும் பஹ்ரைன் என்றும் மேலே கறுப்பில் அடித்திருந்தது. இரண்டு சென்டிமீட்டரில் எத்தனை துளை, தாளில் ஒளிந்திருக்கும் நட்சத்திரக் குறி ஒன்றா பலவா, பின்னால் பசை வழவழப்பா வெடித்ததா என்பதை வைத்து, பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு தபால்தலைகளை வேறு வேறு என்று சொல்லலாம். தையல்காரரான வஹாபுக்கு இது ஆச்சரியமாக இல்லை. அங்குலத்துக்கு எத்தனை தையல் என்பது அவருக்கு அன்றாடக் கேள்வி. சாமிக்கண்ணுவுக்கோ, தான் இத்தனை நாள் கிழித்தது என்னவென்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இருவரும் பெரம்பலூர் மாவட்டத் தபால்தலை ஆய்வுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். வஹாப் தலைவர். சாமிக்கண்ணு செயலாளர். உறுப்பினர்கள் யாரும் இல்லை. கையில் கத்தரிக்கோலோடே திரியும் ஒருவரும் விரலில் எச்சிலோடே திரியும் ஒருவரும் சேர்ந்து நடத்திய சங்கம் என்பதால் தலைவர் ஒரு விதி போட்டார். செயலாளர் ஆல்பத்துக்கு முன் உட்காரும்போது வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். செயலாளரும் ஒரு விதி போட்டார். தலைவர் கத்தரிக்கோலை டீக்கடையில் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

ஆனாலும் நாக்கை என்ன செய்ய முடியும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை வஹாப் தொழுகைக்குப் போன நேரத்தில் சாமிக்கண்ணு, கூடுதலாகக் கிடந்த இரண்டு தபால்தலைகளை நக்கிப் பார்த்துவிட்டார்.

"பாய், லண்டன்ல அடிச்சது இனிக்குது. நாசிக்ல அடிச்சது லேசா உப்புக் கரிக்குது."

"அஸ்தஃபிருல்லா! அவனவன் லென்ஸ் வச்சுப் படிக்கிறான். நக்கிப் படிச்சவன் ஒலகத்துலேயே நீ ஒருத்தன்தான்யா."

அன்றிலிருந்து 'நீங்க' போய் 'நீ' ஆனது. நட்பு நெருங்கியது என்றும் சொல்லலாம்.

ஜோடி கிடைத்தது ஜெயங்கொண்டத்தில். முந்திரித் தரகர் ஒருவர் வீட்டைக் காலி செய்தபோது வந்த தகரப்பெட்டி பழைய பேப்பர் கடையில் இருந்தது. அதன் அடியில் ஐந்தாம் ஜார்ஜ் அரை அணா, பச்சை நிறம், ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு. சுற்றிலும் துளை இருந்தது. இரண்டுக்கும் நடுவில் இல்லை. இயந்திரம் ஒரு வரிசையை விட்டுவிட்டது. கடைக்காரர் அதைப் பழுது என்று நினைத்தார்.

"இது சரியாக் கிழியாதுங்க. கொறச்சுக் குடுங்க, எடுத்துட்டுப் போங்க."

இருவரும் பாதிப் பாதி போட்டு வாங்கினார்கள். கடையைத் தாண்டியதும் வஹாப் ரோட்டிலேயே நின்று அழுதார். சேர்ந்திருக்கும்வரை அது ஒரு அதிசயம். நடுவில் கிழிந்தால் ஆளுக்கு ஒரு அரை அணா. பின்னால் பசை வேறு முழுசாக இருந்தது.

பசையில்தான் சண்டை வந்தது. அது அசல் பசை என்றார் சாமிக்கண்ணு. பிறகு யாரோ தடவிய கஞ்சி என்றார் வஹாப். சட்டைக் காலருக்குக் கஞ்சி போடுகிறவர் என்பதால் எதைப் பார்த்தாலும் அவருக்குக் கஞ்சியாகத் தெரிகிறது என்றார் செயலாளர். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்கள். நிழலில் நிமிர்த்திப் பார்த்தார்கள். தீரவில்லை. ருசித்தால் தெரிந்துவிடும். ருசித்தால் பசை போய்விடும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சாமிக்கண்ணுவின் நாக்கு அடங்கி இருந்தது. சில சமயம் கனவில் ருசித்துவிட்டு வியர்த்து எழுந்தார்.

இரண்டாயிரத்தொன்று பிறந்ததும் அரியலூர் தனி மாவட்டமானது. திருச்சியில் கண்காட்சி நடத்தியவர்கள் ஒரு மாவட்டத்துக்கு ஒரு சங்கம், ஒரு பலகை என்று விதி வைத்திருந்தார்கள். வேறு மாவட்டத்துக்காரர் பொருளை வைக்க முடியாது. ஆகவே சங்கமும் பிரிந்தது. டீக்கடையில் உட்கார்ந்து சொத்துப் பிரித்தார்கள். லென்ஸ் அரியலூருக்கு. இடுக்கி பெரம்பலூருக்கு. துளை அளக்கும் அட்டை அரியலூருக்கு. நட்சத்திரக் குறி பார்க்கப் பெட்ரோல் ஊற்றும் கறுப்புக் கிண்ணம் பெரம்பலூருக்கு. கடைசியில் ஜோடி மட்டும் மேஜைமேல் இருந்தது.

டீக்கடைக்காரர், வாங்கி வைத்திருந்த கத்தரிக்கோலைக் கொண்டுவந்து நீட்டினார். "இதுக்கா இவ்வளவு ரோசன? ஆளுக்கு ஒண்ணு வெட்டிக்க வேண்டியதுதானே?"

இருவரும் ஒரே நேரத்தில் அவரைத் திட்டினார்கள். பிரிவினைக்குப் பிறகு அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அது.

முடிவில் ஒரு மாதம் அங்கே, ஒரு மாதம் இங்கே என்று ஆனது. கொண்டுபோகும் பொறுப்பு கண்டக்டருக்கு. மாவட்டத்துக்கும் மாவட்டத்துக்கும் நடுவில் தினமும் போய்வருகிற உத்தியோகம் அவருடையதுதான்.

ஐப்பசி ஒன்றாம் தேதி. அடைமழை, முகூர்த்த நாள் வேறு. பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. ஈரத்தில் பசை உறையோடு ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து சாமிக்கண்ணு ஜோடியை மெழுகுத்தாள் உறையிலிருந்து வெளியே எடுத்து, இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து, டிக்கெட் கட்டுகளோடு ரப்பர் பேண்டு போட்டிருந்தார். கூட்டத்தில் ரப்பர் பேண்டு அறுந்தது அவருக்குத் தெரியவில்லை. மூன்று ரூபாய் டிக்கெட்டும் பச்சைதான். அளவும் ஏறக்குறைய அதுதான்.

பேரளியில் கலியம்மாள் ஏறினாள். கருவாடு விற்கிறவள். ஏறும்போது தொடங்கும் பேச்சு இறங்கும்போதும் முடியாது. மிச்சத்தை ரோட்டில் நின்று பஸ்ஸைப் பார்த்துப் பேசுவாள். ஒரு கையில் கருவாட்டுக் கூடை. இன்னொரு கையில் மேல்கம்பி.

"காசு அப்பவே ஒங்க பையில போட்டுட்டேன் கண்டக்டரே, சில்லற இல்லம்பிய, அதான் சரியா எடுத்தாந்தேன். எங்கூட்டு மருமவ இருக்காளே..."

மோவாயை நீட்டினாள். சாமிக்கண்ணு விரலை நாக்கில் தொட்டார். ஒரு பச்சைத் தாளை எடுத்தார். உதட்டருகே கொண்டுபோனபோது பின்னாலிருந்து ஒரு கல்யாணக் கோஷ்டி தள்ளியது. தாள் அவள் வாய்மேல் பட்டையாக அழுந்தி நின்றது. பேச்சும் நின்றது.

பஸ் முழுக்க ஒரு அமைதி வந்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "என்னப்பா, கலியம்மா எறங்கிருச்சா?"

அடுத்த ஆளுக்கு டிக்கெட் எடுக்கக் குனிந்த சாமிக்கண்ணு அட்டைகளைப் பார்த்தார். நடுவில் ஒன்றும் இல்லை. நிமிர்ந்தார். கலியம்மாளின் மேலுதட்டில் ஒரு ராஜா, கீழுதட்டில் ஒரு ராஜா. இருவரும் தாடியோடு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துளை விழாத இடம் மிகச் சரியாக வாய்க்கு நேரே இருந்தது.

"அக்கா! வாயத் தொறக்காதீங்க!"

கலியம்மாளின் கண்கள் விரிந்தன. வாழ்க்கையில் அவளிடம் பலர் இதைச் சொல்லியிருக்கிறார்கள். கைகூப்பிச் சொன்னது இவர்தான் முதல் ஆள்.

"ஒங்க காலத் தொட்டுக் கேக்குறேன். அரியலூர் வரைக்கும். வாயத் தொறந்தா அது ரெண்டாப் போயிரும். அது ரெண்டாப் போனா நானும் பாயும் ரெண்டாப் போயிருவோம்."

அவள் என்ன நினைத்தாளோ, வாயை மூடிக்கொண்டே இருந்தாள். மூக்கு மட்டும் புடைத்தது.

அல்லிநகரத்தில் செக்கர் ஏறினார்.

முன்னாலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பார்த்த டிக்கெட்டின் ஓரத்தைக் கிழித்துக் கொடுப்பது அவர் வழக்கம். கலியம்மாளிடம் வந்தார்.

"டிக்கெட்டு?"

அவள் மோவாயை நீட்டினாள். செக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். நெடுநேரம் பார்த்தார்.

"கண்டக்டர். இது யாரு?"

"ஜார்ஜ் மன்னருங்க சார். அஞ்சாவது."

"நம்ம கம்பெனி டிக்கெட்டுல அவரு எப்பய்யா வந்தாரு?"

"அது ஸ்டாம்ப்புங்க சார்."

செக்கர் நியாயமான மனிதர். கோபப்படவில்லை. "இங்க பாரு. ஸ்டாம்ப்புன்னா இந்தம்மா டிக்கெட் இல்லாம வருது. காச வாங்கிட்டு நீ டிக்கெட் குடுக்கல. எழுதுனா உனக்கு வேல போகும். டிக்கெட்டுன்னு சொல்லு, உட்டுர்றேன். ஆனா டிக்கெட்டுன்னா நான் கிழிக்கணும். ரெண்டுல எது?"

பஸ் காத்திருந்தது. மழை அடித்தது. சாமிக்கண்ணுவின் விரல் தானாக நாக்குக்குப் போய்வந்தது. வேலை போனால் செல்வம்மாள் என்ன சொல்வாள் என்று நினைத்தார். பிறகு செக்கரின் பெருவிரல் நகத்தைப் பார்த்தார். நீளமாக வளர்த்திருந்தார்.

"ஸ்டாம்ப்புதான் சார். எழுதிக்குங்க."

செக்கர் பேனாவைத் திறந்தார். "அப்ப பயணி வாக்குமூலம் வேணும். ஏம்மா, காசு குடுத்தியா இல்லியா? வாயத் தொறந்து சொல்லு."

"சார், வேணாம்! தலைய ஆட்டச் சொல்லுங்க!"

"தலையாட்டுனத எப்படிய்யா எழுதுறது?"

பின்சீட்டிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். "சார், இந்த ரூட்டுல இருவது வருசமா வர்றேன். அது பேசாம இருந்து இன்னிக்குத்தான் பாக்குறேன். ஏன் சார் எழுப்பி உடுறீங்க?"

கல்யாணக் கோஷ்டியும் சேர்ந்துகொண்டது. கலியம்மாள் செக்கரை முறைத்தாள். கன்னம் இரண்டும் உப்பின. ராஜாக்கள் லேசாக அசைந்தார்கள். சாமிக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டார். அவள் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்து, கூடையிலிருந்து ஒரு நெத்திலிக் கருவாட்டை உருவி, செக்கரின் சட்டைப்பையில் வைத்தாள். காசு கொடுத்தேன் என்பதற்கு அதுதான் சாட்சியா, அல்லது வசவா என்பது இன்றுவரை தெரியவில்லை. 'பயணி சைகையால் ஒப்புக்கொண்டார்' என்று செக்கர் எழுதினார்.

டிரைவர் பள்ளங்களில் பஸ்ஸை மாட்டுவண்டி மாதிரி இறக்கி ஏற்றினார். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கெல்லாம் வழி விட்டார். அரியலூரில் பஸ்ஸை வஹாப் கடை வாசலிலேயே நிறுத்தினார். அது ஸ்டாப் இல்லை. யாரும் கேட்கவில்லை.

வஹாப் வெளியே வந்து பார்த்தார். உடனே உள்ளே போய், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த லைனிங் துணியோடு வந்தார்.

"பிஸ்மில்லா. தங்கச்சி, மூச்ச மூக்கால உடு."

துணியை வாய்மேல் ஒற்றினார். எடுத்தார். ஒற்றினார். சாமிக்கண்ணு இடது கையில் இடுக்கியோடு நின்றார். வலது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. பயணிகள் மழையில் இறங்கி நின்று பார்த்தார்கள். செக்கரும் நின்றார். மேல் ராஜா முதலில் விட்டார். கீழ் ராஜா பிறகு விட்டார். முழு ஜோடியாக, ஒரு கீறல் இல்லாமல், இடுக்கியில் தொங்கியது.

கலியம்மாள் வாயைத் திறந்தாள்.

பேரளியிலிருந்து சேர்ந்தது மொத்தமும் வந்தது. கண்டக்டரின் பரம்பரை, செக்கரின் நகம், கம்பெனி, கல்யாணப் பெண்ணின் புடவை, தாடி வைத்த ராஜா, அவனை ஊருக்குள் விட்டவர்கள் என்று யாரையும் விடவில்லை. வஹாப் பொறுமையாக இருந்தார். அவள் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் கேட்டார்.

"தங்கச்சி, ஒரே ஒரு சங்கதி. பச எப்படி இருந்துச்சு?"

"எது?"

"ருசி. கஞ்சி மாதிரியா?"

கலியம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பைத்தியங்கள் என்று தெரிந்ததும் அவள் குரல் தணிந்தது.

"கஞ்சி குடிச்சு வளந்தவ நானு. எனக்குத் தெரியாதா கஞ்சி? இது இனிச்சுச்சு. சின்னப் புள்ளைல வேலம்பிசின் தின்போமே, அந்த மாரி."

அச்சடித்த இடத்திலேயே தடவும் அசல் பசை வேலம்பிசின்தான். சாமிக்கண்ணு ரோட்டிலேயே குதித்தார். "நான் சொன்னேன்ல பாய்! சொன்னேன்ல! அசல் பச!"

வஹாப் ஜோடியைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறும் வெள்ளைத் தாளாக இருந்தது.

"சொன்னே. நீதான் ஜெயிச்சே. எங்க அந்தப் பச?"

இருவரும் கலியம்மாளின் வாயைப் பார்த்தார்கள். அவள் முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

கம்பெனி சாமிக்கண்ணுவை ஒரு மாதம் வீட்டில் உட்கார வைத்தது. வேலையை விட்டு எடுக்கவில்லை. செக்கரின் அறிக்கையை முதலாளி இரண்டு முறை படித்தும் குற்றம் என்னவென்று அவருக்குப் பிடிபடவில்லை என்றார்கள். சும்மா இருந்த அந்த மாதத்தில் செல்வம்மாள் காலண்டரை அவர் விரலுக்கு எட்டாதபடி பரண்மேல் ஏற்றிவிட்டாள்.

மறு வருஷம் அரியலூர் மாவட்டத்தை மறுபடி பெரம்பலூரோடு சேர்த்தார்கள். சங்கமும் சேர்ந்தது. திருச்சிக் கண்காட்சியில் ஜோடியை வைத்தார்கள். கீழே அட்டையில் வஹாப் எழுதியிருந்தார்: துளை, பதினான்கு, நடுவில் இல்லை. தாள், ஒற்றை நட்சத்திரம். பசை, அசல், பயணி ருசித்து உறுதி செய்தது. நடுவர்கள் அந்தப் பலகைக்கு முன் நெடுநேரம் நின்றார்கள். பரிசு எதுவும் தரவில்லை. கலியம்மாள் மட்டும் பஸ் ஏறித் திருச்சிக்கு வந்து பார்த்துவிட்டு, வந்தவர்களிடமெல்லாம் அது தன் டிக்கெட் என்றாள்.

இரண்டாயிரத்தேழு கார்த்திகையில் அரியலூர் மறுபடி தனி மாவட்டமானது. செய்தி வந்த அன்று இருவரும் அதே டீக்கடையில் உட்கார்ந்தார்கள். லென்ஸ் இந்தப் பக்கம், இடுக்கி அந்தப் பக்கம். மேஜைமேல் ஜோடி.

"இனிமே பஸ்ஸுல வேணாம்" என்றார் வஹாப்.

"ஒன் கடையிலயும் வேணாம் பாய். கத்திரிக்கோலு."

"அப்ப யாருகிட்ட?"

இருவருக்கும் ஒரே ஆள்தான் தோன்றியது. வாயிலேயே வைத்திருந்து கிழிக்காதவள்.

இப்போது ஜோடி பேரளியில் இருக்கிறது. கருவாட்டுக்கூடை தொங்கும் உத்தரத்துக்குக் கீழே ஒரு பிஸ்கட் டின்னில். மாதம் ஒருமுறை இருவரும் பார்க்கப் போகிறார்கள். கலியம்மாள் டின்னை மடியில் வைத்துக்கொண்டு மூடியைத் திறக்காமல் காத்திருப்பாள். சாமிக்கண்ணு வலது கையைப் பின்னால் கட்டுவார். வஹாப் கத்தரிக்கோலை வாசலில் வைப்பார். அவளுக்கு அது போதாது.

"எச்சி தெறிக்கும். ரெண்டு பேரும் வாய மூடுங்க."

மூடிக்கொண்டு பார்க்கிறார்கள். அவர்கள் பார்த்து முடிக்கும்வரை அவள் பேசிக்கொண்டிருக்கிறாள்.